ஓடும் மெஷினைக் கைமாற்றிய நாள்

பக்கத் தகடு கழற்றப்பட்ட கணினிப் பெட்டியின் வயிற்றுக்குள் ஒரு மேசை விசிறி ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். உள்ளிருந்து வரும் சூடான தூசி மணமும், கதவின் ஆணியில் தொங்கும் நீலச் சட்டையிலிருந்து வரும், மெஷினைக் குளிர்விக்கும் கூலண்ட் எண்ணெயின் புளித்த மணமும் ஒன்றாகிப் பத்தடிக்குப் பத்தடி அறையை நிறைத்திருக்கும். என் பதினோராம் வயதின் கோடை விடுமுறை முழுவதும் நான் மூச்சில் இழுத்தது அந்த மணத்தைத்தான். மல்லிகையும் மண்வாசனையும் பிறருடைய இளமைக்கு உரியவை. என்னுடையது எண்ணெய்த் தூசியில் கழிந்தது என்பதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த அறை ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில், நெடுஞ்சாலையில் லாரிகள் கர்நாடகத்துக்குள் நுழைய வரிசைகட்டி நிற்கும் இடத்திற்குப் பின்புறத் தெருவில், ஒரே தகரக் கூரையின்கீழ் எட்டுக் கதவுகள் கொண்ட "லைன் வீட்டின்" கடைசி அறை. கல்லாவியிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த என் தந்தையார் குடும்பத்துக்கு மூன்றாம் கதவு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவரின் குடும்பத்துக்கு நான்காம் கதவு. அந்த வீட்டுப் பையன் இசக்கி என்னைவிட ஒரு வயது மூத்தவன். எட்டாம் கதவுக்குரியவர் மஞ்சு அண்ணா. கன்னடம் பேசுகிறவர், திருமணம் ஆகாதவர், லேத் மெஷின் ஆபரேட்டர். காலை முதல் ஷிப்டுக்குப் போகும்போது அறைச் சாவியை இசக்கியின் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்தச் சாவிதான் எங்கள் விடுமுறை.

கணினியில் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி விளையாட்டு. அதன் விதிகள் இரண்டைச் சொல்லிவிட்டால் எஞ்சிய கதை தானே விளங்கும். முதலாவது, வீரன் ஒரு நேரத்தில் இரண்டே துப்பாக்கிகளைத்தான் சுமக்கலாம். மூன்றாவதை எடுக்க வேண்டுமானால் கையில் உள்ளதைத் தரையில் போட்டாக வேண்டும். இரண்டாவது, நாம் விரும்பும் இடத்தில் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. விளையாட்டே தனக்குத் தோன்றிய இடத்தில் திரையின் மூலையில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றிச் சேமித்துக்கொள்ளும். சேமிப்பும் ஒன்றே ஒன்று. புதிய சக்கரம் சுழன்றால் பழைய நிலை அழிந்துபோகும். அந்த நொடியில் நீங்கள் அரை உயிரோடு நின்றாலும், குண்டின்றி நின்றாலும், அதுவே இனி உங்கள் நிலை. உலகெங்கும் இவ்வகை விளையாட்டை ஆடுகிறவர்கள் இன்றும் சலித்துக்கொள்வது இந்த இரண்டையும் பற்றித்தான் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன். நாங்கள் அன்றே அதைப் பற்றி வழக்காடியிருக்கிறோம்.

"மலை மாதிரி ஆளு, ரெண்டு துப்பாக்கிக்கு மேல தூக்க மாட்டானாம்லா. எங்கம்மை ஒரு இடுப்புல கொடம், மறு இடுப்புல தங்கச்சி, கையில பையின்னு வாராளே!" என்பான் இசக்கி.

"எல்லாத்தையும் தூக்கிக்கினு போனா அப்புறம் யோசிக்கற வேலையே இல்லடா. எதை விடறதுன்னு யோசிக்கறவந்தான் ஆட்டக்காரன்" என்பேன் நான். என் தரப்பு சரியானது என்று இப்போதும் நினைக்கிறேன். சரியான தரப்பில் நின்று பேசியவள் அதற்கு ஏற்றபடி நடந்தாளா என்பதுதான் கேள்வி.

நாங்கள் இருவரும் அரைமணிக்கு ஒருமுறை மாறி மாறி ஆடினோம். அந்த மாற்றத்துக்கு மஞ்சு அண்ணா தொழிற்சாலை வழக்கத்தையே சட்டமாக்கியிருந்தார். அதன் பெயர் "ஹேண்டோவர்". ஒரு ஷிப்டுக்காரர் அடுத்தவரிடம் மெஷினை ஒப்படைக்கும்போது எது ஓடுகிறது, எது தேய்ந்திருக்கிறது என்று நோட்டில் எழுதி வைப்பார். வருகிறவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வார். இடையில் மெஷின் நிற்காது. எங்களுக்கும் ஒரு பழைய டைரி தரப்பட்டிருந்தது. கையில் உள்ள துப்பாக்கி, மிச்சமிருக்கும் உயிர் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பொத்தானைத் தொடக்கூடாது. ஒருவர் எழ எழ மற்றவர் நாற்காலியில் நழுவி உட்கார்ந்து, சுட்டுக்கொண்டே தொடர வேண்டும்.

"நிறுத்திட்டுக் கைமாத்தினா அது ஹேண்டோவர் இல்லம்மா, பிரேக்டவுன்" என்று அவர் சொன்னது எங்களுக்கு வேதவாக்கு. அந்த விதியைக் கண்டுபிடித்தவர்கள் கட்டாயம் ஒரு துப்பாக்கி விளையாட்டை மனத்தில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் தந்தையர் அனைவரும் அப்படித்தான் மெஷினைக் கைமாற்றினார்கள் என்பதால், வேறு எப்படியும் கைமாற்றலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மே மாத இறுதியில் இசக்கியின் தந்தையாருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சாமான்களோடு ஊருக்குப் புறப்படுவது என்று முடிவாயிற்று. அவர்கள் ஊரில் கணினி இல்லை. கடைசிக் கட்டத்தில் ஒரு ஹெலிகாப்டர் வரும், அதை வீழ்த்தினால் ஆட்டம் முடியும், அதற்குப் பின் ஏதோ படம் காட்டுவார்கள் என்று மஞ்சு அண்ணா சொல்லியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது இசக்கியின் ஒரே ஆசை. வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த தாயிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹெலிகாப்டரை வீழ்த்த ராக்கெட் எறியும் குழல் வேண்டும். அதை நாங்கள் "பைப்பு" என்போம். இரும்புக் கதவுக்கு அப்பால் பைப்பு எங்கும் கிடைக்காது என்றும் மஞ்சு அண்ணா எச்சரித்திருந்தார். ஆகவே இரண்டு கட்டங்களுக்கு முன்பே கிடைத்த ஒரு பைப்பை இசக்கி சுமந்துகொண்டே வந்தான். அதைச் சுடாமல், போடாமல், மற்றொரு துப்பாக்கியை மட்டும் நம்பி, ஒற்றைக் கையால் வேலை செய்கிறவன்போல அத்தனை எதிரிகளையும் கடந்து வந்தான். என் முறையிலும் அதைக் காப்பாற்றித் தரும்படி ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்வான். "நிவே, பைப்ப மட்டும் போட்டுராத, என்ன?" என்பான். நான் தலையசைப்பேன்.

கடைசிச் சனிக்கிழமை, முற்பகல் பதினொரு மணி இருக்கும். என் முறை. இரும்புக் கதவுக்கு முன்னால் எதிரிகள் மொய்த்தார்கள். மிஷின் கன்னில் குண்டு தீரும் தறுவாயில் இருந்தது. காலடியில் "பம்பு" எனப்படும் கிட்டத்தில் சுடும் துப்பாக்கி ஒன்று கிடந்தது. ஒரு நிமிடத்துக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பைப்பைப் போட்டுவிட்டு அதை எடுத்தேன். எதிரிகள் சிதறிக் கதவுக்குள் ஓடினார்கள். துரத்திக்கொண்டு நானும் உள்ளே ஓடினேன். எனக்குப் பின்னால் இரும்புக் கதவு விழுந்தது. திரையின் மூலையில் சக்கரம் சுழன்றது.

பைப்பு கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

இசக்கி வாசலில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தான்; திரையை அவன் பார்க்கவில்லை. நான் என்ன செய்தேன் என்பதை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். டைரியை எடுத்தேன். "மிஷின் கன், பம்பு. உயிர் பாதி" என்று எழுதினேன். அத்தனையும் உண்மை, எழுத்து மட்டும் வழக்கத்தைவிடச் சிறியது. பிறகு அவனைக் கூப்பிட்டேன்.

"இசக்கி, வாடா சீக்கிரம். எனக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்குது, அதையும் நீயே வெச்சுக்கோ. இன்னிக்கு நீதான் முடிக்கணும்."

அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "நெசமாவாட்டி?" என்று ஓடிவந்து, நான் எழும்போதே நாற்காலியில் நழுவி உட்கார்ந்தான். எதிரே குண்டு மழை. டைரியைப் பிரிக்கவோ, வீரனைத் திருப்பி முதுகுப்புறம் பார்க்கவோ அவனுக்கு நேரமில்லை. ஓடும் மெஷினை வாங்கிக்கொண்டான். எதிரிகள் தீர்ந்தார்கள். ஹெலிகாப்டர் வந்தது. பைப்பை எடுக்கும் பொத்தானை அழுத்தினான். கையில் வந்தது பம்பு. மீண்டும் அழுத்தினான், மிஷின் கன் வந்தது. அந்த இரண்டையும் மாற்றி மாற்றி எத்தனை முறை அழுத்தினான் என்று எண்ணவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு மஞ்சு அண்ணா ஷிப்டு முடிந்து வந்தபோதும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். மிஷின் கன்னின் கடைசிக் குண்டுகளையும் வானத்தை நோக்கிச் சுடுவான், பிறகு எட்டாத பம்பால் சுடுவான், சாவான், மீண்டும் அதே கதவுக்குள்ளிருந்து பாதி உயிரோடு எழுவான்.

"ஏனாயித்து?" என்றார் மஞ்சு அண்ணா. என்ன ஆயிற்று என்று அவர் கன்னடத்தில் கேட்டால் விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார் என்று பொருள். "பைப்பு எங்கடா?"

இசக்கி என்னைப் பார்த்தான். குற்றம் சாட்டும் பார்வை அல்ல அது. விடை தெரிந்தவரைப் பார்க்கும் பார்வை.

நான் எழுந்து நின்றேன். என் வாழ்வின் முதல் மேடை அந்தச் சிமெண்டுத் தரைதான். விதி என்ன சொல்கிறது என்று தொடங்கினேன். ஒப்படைக்கிறவர் எழுத வேண்டும், எழுதினேன், இதோ டைரி. வாங்குகிறவர் படித்துக் கையெழுத்திட வேண்டும், கையெழுத்து எங்கே? குண்டு தீரவிருந்ததால் பைப்பைக் கீழே வைத்தேன், மறைக்கவில்லை. படித்திருந்தால் கையில் பைப்பு இல்லை என்று தெரிந்திருக்கும், திரும்பிப் பார்த்திருப்பான். படிக்காமல் உட்கார்ந்தது யார் பிழை?

"அந்த இரும்பு கேட்டு எப்பம்மா விழுந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார் அவர்.

"நான் எந்திரிக்கறப்ப தெறந்துதாண்ணா இருந்துச்சு" என்றேன்.

என் உரையில் பொய் அந்த ஒரு வாக்கியம் மட்டுமே. மற்ற அனைத்தையும் அது தாங்கி நின்றது.

மஞ்சு அண்ணா அவன் பக்கம் திரும்பினார். "ஏன்டா, நோட்டப் பாக்காம யாராவது மெஷின்ல உக்காருவாங்களா? ஃபாக்டரியா இருந்தா உனக்கு மெமோ."

இசக்கி திரையை ஒருமுறை பார்த்தான். தான் முதுகுப்புறம் பார்க்கவே இல்லை என்பது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "ஆமாண்ணே. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றான். பிறகு என்னிடம், "உம்மேல தப்பில்லட்டி" என்றான்.

எனக்கு அழுகை வரவில்லை. மகிழ்ச்சியும் வரவில்லை. விசிறியின் காற்று கணுக்காலில் பட்டுக்கொண்டிருந்ததை மட்டும் உணர்ந்தேன். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆடலாம் என்றார் மஞ்சு அண்ணா. ஆனால் முதலிலிருந்து அதுவரை வர எங்களுக்கு விடுமுறை முழுவதும் பிடித்திருந்தது, அவனிடம் மிஞ்சியிருந்ததோ ஒரு மாலை. மறுநாள் காலை சாமான் ஏற்றிய சிறு லாரியின் பின்புறம், கட்டிலுக்கும் சாக்கு மூட்டைக்கும் இடையில் அவன் உட்கார்ந்திருந்தான். கையசைத்தான். நானும் அசைத்தேன். அன்று பிற்பகல் எனக்கு விதிக்கப்பட்ட அரைமணி மட்டுமல்ல, முழு நேரமும் கணினி என்னுடையதாகவே இருந்தது. நான் போய் உட்காரவில்லை. காரணம் கேட்ட அம்மாவிடம் தலைவலி என்றேன்.

அதன்பின் பேசுவதில் எனக்கு நிகரில்லை என்று பள்ளியிலும் கல்லூரியிலும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கமாட்டேன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் எந்தத் தரப்பைக் கொடுத்தாலும் ஆறு உண்மைகளை அடுக்கி, ஏழாவதை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

லைன் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் உதிரிபாகங்கள் அடுக்கும் கிடங்கு ஒன்று நிற்கிறது. மஞ்சு அண்ணா எல்லைக்கு அப்பால் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று அப்பா சொன்னார். இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் நினைத்த நொடியில் சேமிக்கலாம், வேண்டிய பழைய நிலைக்குத் திரும்பலாம். சிலவற்றில் கிடைத்த துப்பாக்கி அனைத்தையும் முதுகில் சுமந்து திரியலாம். கதவு விழுந்தபின் திரும்ப முடியாமல் நிற்பது என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழைய விளையாட்டையும் தேடி நிறுவிப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தை முடித்தேன். புகை, ஒரு கடற்கரை, பிறகு கறுப்புத் திரையில் மேலேறும் பெயர்கள், அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட இல்லை.

சென்ற மாதம் என் மேடைப் பேச்சின் காணொளி ஒன்று கைப்பேசிகளில் பரவியபோது, அறியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. "ஏட்டி நிவே, நாந்தான் இசக்கி. உங்கப்பாட்ட நம்பர் வாங்குனேன். நல்லாப் பேசுதட்டி!" என்றது கனத்த குரல். கப்பலில் எந்திரப் பிரிவில் வேலை, விடுப்பில் வந்திருக்கிறானாம். நான் எத்தனையோ முறை மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை எடுத்தேன். "இசக்கி, அந்த கேம் ஞாபகமிருக்குதா? கடைசி நாள்..."

"கேமெல்லாம் மறந்துபோச்சுட்டி. ஓசூர்ல குளிர் ஞாபகமிருக்கு. பெறவு நாங்க கெளம்புததுக்கு மொத நாளு, ஒன் நேரத்துல பத்து நிமிசத்த எனக்கு விட்டுக் குடுத்தேல்லா? அத எம் பொண்டாட்டிகிட்டகூட சொல்லியிருக்கேன். அந்த வயசுல எவ குடுப்பா?"

மறுமுனையில் ஒரு குழந்தை சிணுங்கும் ஒலி கேட்டது. சொல்ல வேண்டியது என்னிடம் இருந்தது. கேட்க அவனுக்கு நேரமும் இருந்தது.

"ஆமாண்டா, குடுத்தேன்" என்றேன்.