வெயிலில் நிறம் பார்த்த தெரு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பழைய கடைத்தெருவுக்குள் நுழைந்தேன். முதலில் மூக்கில் ஏறியது கருங்கல் தூள் வாசனை. தரைக்குக் கல் பாவிக்கொண்டிருந்தார்கள். அறுத்த கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால், மழை வரப்போகிறது என்று நம்மை ஏமாற்றும் ஒரு வாசனை எழும். நேரத்தைக்கூட எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். இந்தத் தெருவைப் பற்றி நான் எழுதிவைத்த நோட்டுகள் இப்படித்தான் நிரம்பின. வீட்டில் அவற்றுக்குக் கரையான் தீனி என்று பெயர்.

தெருவுக்கு மறுபடி உயிர் கொடுக்கிறார்களாம். இனி வண்டிகள் நுழையக் கூடாது, நடப்பவர்களுக்கு மட்டும். இரண்டு ஓரமும் பூந்தொட்டிகள், கல் பெஞ்சுகள். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஓர் இளம்பெண். என் நோட்டுகளைப் பற்றி யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“அங்கிள், இந்த ஸ்ட்ரீட்டோட ஒரிஜினல் விட்த் எவ்ளோன்னு உங்ககிட்ட ரெக்கார்ட் இருக்குதாமே?”

“பதினாலு அடிம்மா. அகலப்படுத்தினப்புறம் இருபத்திநாலு.”

டேப்பை இழுத்து, இந்தப் பக்கத் தொட்டிக்கும் அந்தப் பக்கத் தொட்டிக்கும் நடுவே அளந்தாள். பதினான்கு. “சூப்பர் அங்கிள், கரெக்டா வந்துருக்குது,” என்றாள். அந்தப் பதினான்கு அடியை அகலப்படுத்தச் சொல்லி மனு எழுதியவன் நான்.

எந்த ஆண்டு என்று சொல்லமாட்டேன், என் வயதைக் கணக்குப் போட்டுவிடுவீர்கள். அப்போது எனக்கு ரவிக்கைத் துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. புதுக் கட்டைப் பிரித்தால் கஞ்சியும் சாயமும் கலந்த ஒரு நெடி வரும். மதியம் சோறு பிசையும்போதும் அது விரலில் இருக்கும். பட்டு, டியூப்லைட்டில் பொய் சொல்லும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நீள இழையான பாவு ஒரு நிறமும் குறுக்கிழையான ஊடை இன்னொரு நிறமுமாக நெய்த மயில்கழுத்துப் புடவை கடைக்குள் பச்சையாக இருக்கும், வெளியே கொண்டுவந்தால் நீலமாகிவிடும். ஆகவே ரவிக்கை எடுக்க வரும் பெண்கள் ஒரு கையில் புடவை முந்தானையும் மறு கையில் எங்கள் துணியுமாக நடுத்தெருவில் போய் நிற்பார்கள். பதினோரு மணி முதல் இரண்டு மணி வரை அங்கே நேர் வெயில். அந்த நேரத்தில் தெருவும் எங்கள் கடையில் ஓர் அறைதான். சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். போகிற போக்கில், “அது வேணாம்மா, கொஞ்சம் வெளுப்பு,” என்று தீர்ப்பும் சொல்வார். பாதிப் பேர் தறி வீட்டு ஆட்கள். சொல்லாமல் போக அவர்களால் முடியாது.

துணி பொருந்தியதும் நாலு எட்டு வைத்தால் எதிரே ருக்மணி அக்காவின் வளையல் கடை. எட்டடி ஆழம். கணவர் இல்லை, ஒரே பெண், அந்த எட்டடிதான் அவருக்கு எல்லாம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கடையில் தமிழ். வளையலை மட்டும் தெலுங்கில் எண்ணுவார். கேட்டால், “தமிழ்ல எண்ணா ஒண்ணு கொறையுதுப்பா,” என்பார். வந்தவளை உட்காரவைத்து, கையைத் தன் முழங்கால்மேல் போட்டுக்கொண்டு, புடவையை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே சரியான டஜனை எட்டி எடுப்பார். எங்கள் கடையில் கூட்டம் இருந்தால் அவர் கடையிலும் இருக்கும். எங்களுக்கு ஈ ஓட்டும் நாள் என்றால் அவருக்கும் அதேதான்.

பஸ் ஓடும் சாலைகளில் பெரிய ஜவுளிக்கடைகள் வந்ததும் எங்கள் தெருவைப் பயம் பிடித்தது. “பஸ்ஸு வந்தா ஜனம் வரும்,” என்றார் என் முதலாளி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். கையெழுத்து அழகாக இருந்ததால் மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒவ்வொரு கடையும் முன்பக்கம் ஐந்தடி விட்டுக்கொடுக்கும், வாகனங்கள் தடையின்றிச் செல்ல வழி செய்ய வேண்டும் என்று எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். அவ்வளவு நல்ல மனுவை அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. கையெழுத்துப் போடாமல் இருந்தவர் ருக்மணி அக்கா ஒருவர்தான்.

“ரோடு பெருசானா பஸ்ஸுக்கு நல்லது. பஸ்ஸா வளையல் போட்டுக்கினு போவப் போவுது?”

“எல்லாரும் போட்டாச்சுக்கா. நீங்க ஒருத்தர்தான்.”

“எட்டுல அஞ்சு போனா இன்னா மிச்சம்? படிச்சவன்தானே, நீயே சொல்லு.”

“கூட்டம் வந்தா மூணடியே போதும்க்கா.”

அக்கா தன் கடையைத் திரும்பிப் பார்த்தார். “உன் மூஞ்சிக்கோசரம் போடறேன், குடு,” என்று பேனாவை வாங்கினார்.

தை மாதம் சாலை திறந்தது. பஸ் வந்தது. நிற்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் போகும் குறுக்குவழியாகிவிட்டது எங்கள் தெரு. நடுத்தெருவில் நின்று நிறம் பார்ப்பது முதல் வாரத்தோடு முடிந்தது. எங்கள் கடையில் துணி எடுத்தவர்கள் அப்படியே ஓரமாக நடந்து போனார்கள். எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். வளையலுக்காக யார் ஓடுவார்கள்?

மாசியில் ஒரு புதன்கிழமை, திருப்புட்குழியிலிருந்து ஒரு மாமியாரும் ஏழு மாத மருமகளும் வளைகாப்புக்கு வளையல் போட வந்தார்கள். அக்காவின் கடையில் உட்கார இடமில்லை. அந்தப் பெண் சாலை விளிம்பில் நின்றபடி கையை நீட்டியிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. கை வெடுக்கென்று இழுபட்டது. நாலைந்து வளையல்கள் மணிக்கட்டிலேயே நொறுங்கின. ரத்தம் அதிகமில்லை. ஆனால் அவை வளைகாப்பு வளையல்கள். மாமியார் மருமகளின் கையை முந்தானையால் சுற்றி அழைத்துப் போனார். எதிர்ப்பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிகள் வழிவிட்டு நான் கடந்து போவதற்குள் அக்கா சில்லுகளைப் பொறுக்கி முடித்திருந்தார்.

“மூணடி போதும்னியேப்பா,” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

விஷயம் பரவியது. அதன் பிறகு சுபகாரியத்துக்கு அங்கே யார் வளையல் போடுவார்கள்? பங்குனி கடைசியில் கடையை மூடிவிட்டார். இரண்டு வருடம் கழித்து எங்கள் துணிக்கடையும் மூடியது. நான் வேறு வேலைக்குப் போனேன். ஒவ்வொரு கடை மூடிய தேதியும் என் நோட்டில் இருக்கிறது. எழுதிவைத்தது தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. புறவழிச்சாலை வந்ததும் பஸ்களும் அந்தப் பக்கம் போய்விட்டன. பிறகு தெருவில் மூடிய ஷட்டர்களும் நிறுத்திவைத்த பைக்குகளும்தான்.

பொறியாளர் பெண் அன்று இன்னொன்றும் சொன்னாள். இடம் விட்டுக்கொடுத்த பழைய கடைக்காரர்களுக்கு நான்கு கடை ஒதுக்கியிருக்கிறார்கள். கடை நடத்தியதற்கு ஆதாரம் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஆதாரமா? என்னிடமா பஞ்சம்? மறுநாளே, ருக்மணி அக்காவின் கையெழுத்து மட்டும் பாக்கியாக, விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு தென்னேரிக்குப் பஸ் ஏறினேன். அக்கா அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். முடி முழுக்க வெளுத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

“இன்னா, இன்னும் எழுதிக்கினுதான் இருக்கியா? இது இன்னா காயிதம்?”

தெருவைப் பழையபடி குறுக்கிவிட்டார்கள், பஸ் வராது, அவருக்கு எட்டடிக் கடை கிடைக்கும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். பேரன் பேத்திகள் கடையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எதுர்ல துணிக்கடை இருக்குதா?”

“இல்லக்கா. காபிக் கடை வருது.”

“அப்ப கைல பொடவையோட யார்ப்பா வெளில வருவாங்க?”

எந்தத் தேதியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். விண்ணப்பத்தை மடித்து என் சட்டைப்பையில் அவரே வைத்தார். “கெளம்பு. ஆறு மணி வண்டிய வுட்டா அப்பால கஷ்டம்,” என்றார்.

தெரு இப்போது திறந்துவிட்டது. சாயங்காலம் நல்ல கூட்டம். பெஞ்சுகளில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அக்காவுக்கு வந்திருக்க வேண்டிய கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். பதினோரு மணிக்கு ஒருநாள் போய்ப் பார்த்தேன். கல்தரை கொதித்தது. தெருவில் ஒருவரும் இல்லை.

கடைசி நாளான அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் விண்ணப்பம் என் மேசைமேல் இருந்தது. அக்காவின் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். பழைய மனுவின் நகலில் கடைசியாக இருப்பது அதுதான். நானே போட்டுக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்று மணிக்குப் பேனாவை எடுத்தேன். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடும்வரை அது என் கையிலேயே இருந்தது.