தனம் அக்கா மூடிய சதுரம்

எதிர்வீட்டுப் பெண் நேற்று கைப்பேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். கம்பளி நூலில் குரோஷா சதுரம் போடும்போது, ஒரு சுற்று முடிந்ததும் அதன் தலையையும் வாலையும் எப்படி இணைப்பது என்று யாரோ ஒரு அம்மாள் விதவிதமாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். "எது ஈஸி ஆன்ட்டி?" என்றாள். எனக்கு இன்னொரு விதமும் தெரியும். ஆனால் அதற்குச் சாம்பல் வேண்டும். நாலாவது மாடியில் சாம்பலுக்கு எங்கே போவது?

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம் பக்கம், ஒரே முற்றத்தில் எங்கள் வீடும் தனம் அக்கா வீடும். எனக்குப் புதிதாகப் பள்ளிக்கூட வேலை. பயிற்சிப் பள்ளியில் குரோஷா கற்றுவந்த மிதப்பில் அண்ணிக்கும், தறிக்காரர் மனைவியான தனம் அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். சீக்கிரமே இருவரும் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள்.

அண்ணி அப்போது மாசமாக இருந்தாள். முன்பு பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று முன்கூட்டி எதுவும் செய்யக் கூடாது என்பதால், நாங்கள் பின்னுவது நாற்காலி விரிப்பு என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னோம். எங்கள் வீட்டில் நாற்காலியே கிடையாது.

நான் சுற்றை முடிப்பது புத்தக முறை. கடைசிக் கண்ணியை முதல் கண்ணியில் இழுத்துவிட்டு மேலே மூன்று சங்கிலி. ஆனால் என் சதுரங்களில் அந்த இணைப்பு கோணல் வகிடு மாதிரி தெரியும். தனம் அக்கா சுற்றுக்குச் சுற்று நூலை வெட்டிவிடுவாள். தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது, புதுப்பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு வைத்து, ஈரச் சாம்பல் தொட்ட விரலால் திரித்து ஒன்றாக்குவது அவள் வேலை. கம்பளிச் சுற்றின் தலையையும் வாலையும் அப்படியே திரித்து ஒன்றாக்கினாள். முடிச்சும் இருக்காது, நுனியும் தெரியாது. லேசாகச் சாம்பல் கறை மட்டும் இருக்கும்.

அண்ணி சுற்றுவாள், மூட மாட்டாள். "முடிச்சு போட்டா புள்ள வர்ற வழி அடைஞ்சிடும்மா" என்பாள். மூடுவதற்கு எங்களிடம் தந்துவிடுவாள். கடைசிச் சதுரத்தைத் தனம் அக்காவிடம் கொடுத்தாள். "நாளைக்கு மூடித் தர்றேன், இரு" என்று அக்கா அதை எங்கள் கூடையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அன்றே காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்ததும் அவள் புருஷன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஐயம்பேட்டையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தச் சதுரம் வாய் திறந்தபடியே கிடந்தது. நான் கை வைக்கப் போனேன். அண்ணி தடுத்தாள். "அவ கையில குடுத்தது. நீ தொடாத."

அமாவாசை வந்தது. அன்று தறி ஓட்ட மாட்டார்கள். நாளெல்லாம் கேட்டுப் பழகிய சத்தம் நின்றால் நம் காதே நமக்குப் பயம் காட்டும். மத்தியானம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அண்ணி கூடைக்கு எதிரே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். சதுரம் மூடியிருந்தது. என் சதுரங்களில் வகிடு தெரியும் இடத்தில் ஒன்றுமே இல்லை, சாம்பல் கறை மட்டும். தொட்டேன், இன்னும் ஈரமாக இருந்தது. எங்கள் வீட்டிலோ கெரசின் அடுப்பு, சாம்பலே கிடையாது. முற்றத்தின் அந்தப் பக்கம் அக்கா வீட்டுப் பூட்டு தொங்கியபடியே இருந்தது.

"வழிய மூடிட்டாம்மா" என்றாள் அண்ணி. அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வலி கண்டதும் அண்ணன் மருத்துவச்சியை அழைத்து வந்தான். பொழுது விடிந்ததிலிருந்து போராட்டம். தலை திரும்பவில்லை என்று மருத்துவச்சி முகம் மாறினாள். அண்ணி என் கையைப் பிடித்துக் கத்தினாள்: "அதப் பிரிச்சுடு! பிரிச்சுடும்மா!"

ஓடிப்போய் எடுத்தேன். எங்கே பிரிப்பது? நகத்தால் கீறிப் பார்த்தேன், ஊசியால் நெம்பிப் பார்த்தேன். அதற்கு நுனியே இல்லை. கத்தரிக்கோலை வைத்த நேரத்தில் உள்ளே குழந்தை அழுதது. கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு நானும் அழுதேன்.

பெண் குழந்தை. முதல் இரண்டும் போன நாட்களைத் தாண்டியது, தவழ்ந்தது, நடந்தது. சதுரங்களை எல்லாம் சேர்த்து அதற்குப் போர்த்தினோம். ஒரு நாள் அண்ணி அந்தச் சாம்பல் கறையைத் தடவிக்கொண்டே, "வர்ற வழிய இல்லம்மா, போற வழியத்தான் மூடியிருக்கா" என்றாள்.

அப்புறம் வீடு விற்றார்கள், முற்றம் போயிற்று, போர்வை எந்த வீட்டு மாற்றத்தில் தொலைந்ததோ தெரியாது. போன வருஷம் அண்ணி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகள் காபி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"நெசம் சொல்லு. அது நீ மூடுனதா?"

"இல்ல அண்ணி."

"சத்தியமா?"

"சத்தியமா நான் இல்ல."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப அவள நேர்ல பாத்து சொல்லிடுறேன், எம்பொண்ணு நல்லா இருக்குறான்னு" என்றாள். மறுநாள் போய்விட்டாள்.

இந்நேரம் சொல்லியிருப்பாள். யார் மூடியது என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். அதை வந்து எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.