வாசகர் கருத்துப் பக்கத்தில் ஒரு பிரளயம்

பம்பாயை ஒரே மழைக்காலத்தில் மூழ்கடித்தவள் நான். அதற்காக மாட்டுங்காவில் என் முகத்துக்கு நேரேயே திட்டு விழுந்தது. என்னைத்தான் திட்டுகிறோம் என்பது மட்டும் திட்டியவர்களுக்குத் தெரியாது.

அறுபதுகளில் எங்கள் பேட்டையில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடந்து வந்தது. மாதம் ஓர் இதழ், இதழுக்கு ஒரே ஒரு பிரதி. அவரவர் எழுதிக் கொடுத்த கதை, கவிதை, சமையல் குறிப்பு எல்லாவற்றையும் ஆசிரியர் உட்கார்ந்து தன் கையாலேயே அழகாகப் படியெடுத்து, அட்டை போட்டுத் தைத்துவிடுவார். அந்த ஒற்றைப் பிரதி மாட்டுங்காவில் புறப்பட்டு, தாராவி போய், செம்பூர்க் காலனிகளைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்கு இரண்டு நாள் தங்கித் திரும்பி வரும். வரும்போது அதில் ரசக் கறை இருக்கும், குழந்தையின் கிறுக்கல் இருக்கும், கடைசி வெற்றுத் தாள்களில் வாசகர் கருத்து இருக்கும். அந்தத் தாள்களின் தலைமாட்டில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு விதி எழுதியிருப்பார்: ‘மனம் திறந்து எழுதுக. எழுதியதை யாரும் அடிக்கவோ கிழிக்கவோ கூடாது.’ அந்த விதியால்தான் நான் பிழைத்தேன்.

ஆசிரியர் மெஸ்ஸில் சாப்பிட்டு, மாடியறையில் தனியாகத் தங்கியிருந்த குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் எந்த வீட்டு மாமியாவது கதவைத் திறந்துவிட்டால் மனிதருக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் பிரதியை வீடு வீடாகக் கொண்டுபோகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட், ஞாயிற்றுக்கிழமை லீவு. பத்திரிகையில் வருகிற தொடர்கதையை எழுதுவதும் நான்தான் என்று அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். புனைபெயர் அவர் வைத்தது. மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு பெயர்.

கதை ஒரு ஜூலை மாதத்தில் எனக்குக் கிடைத்தது. தாதருக்கு மேல் டிரெயின் எல்லாம் பந்த். தாதரில் இறங்கி, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் வீட்டுக்கு நடந்தேன். கிங்ஸ் சர்க்கிளில் ஓர் இரட்டை மாடி பஸ் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது. இந்தத் தண்ணீர் வடியாமலே போய்விட்டால் என்ன செய்வோம் என்று அங்கே நின்று யோசித்தேன். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டின கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கதாநாயகி என்னைப் போல ஒரு டைப்பிஸ்ட். முதல் அத்தியாயத்திலேயே அவள் அம்மா காய்ச்சலில் இறந்துபோகிறாள். காரியம் முடிந்து அவள் ஆபீசுக்குக் கிளம்புகிற அன்று கடல் ஊருக்குள் வருகிறது. டிரைவர் ஓடிப்போன பஸ்ஸை அவள் ஓட்டுகிறாள். பின்னால் கடல் துரத்துகிறது, முன்னால் பாலம் இடிகிறது, ஏறினவர்களில் ஒருவன் திருடன். மூச்சு விட இடமில்லாமல் எழுதினேன். அத்தியாயத்துக்கு ஒரு பேட்டை முழுகும்.

கருத்துகள் வந்து குவிந்தன. ‘பெண் பஸ் ஓட்டுவதாவது! ஆசிரியர் சுக்கு வெந்நீர் குடித்துப் படுக்கட்டும்’ என்று ஒருவர். ‘செம்பூரை இரண்டாம் அத்தியாயத்திலேயே ஏன் முழுக அடித்தீர்? இங்கே மலை இருப்பது உமக்குத் தெரியாதா?’ என்று செம்பூர்க்காரர் ஒருவர், பக்கத்தில் மலையைப் படமாகவே போட்டிருந்தார். மாட்டுங்காவில் ஒரு மாமி வாசலிலேயே நிறுத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி, யார் அந்தக் கட்டேல போறவன்? ஆத்துல கல்யாணத்தை வெச்சுண்டிருக்கோம். ஊர் அழியறது, ஊர் அழியறதுன்னு எழுதிண்டு!”

“அப்ப இந்த மாசம் உங்காத்துக்கு வேண்டாமா மாமி?”

“வேண்டாம்னு யார் சொன்னா? குடு இப்படி. அந்தத் திருடன் என்ன ஆனான்னு பாக்கணும்.”

அப்பாவும் படிப்பார். எழுதுகிறவள் கூடத்தில் அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அறியாமல், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்து, “நிதானமே இல்லாத ஆள். ஓடறான், ஓடறான், ஒரே ஓட்டம். ஆனா கீழ வைக்க விடமாட்டேங்கறான்” என்பார். எனக்கு உள்ளுக்குள் பானகம் குடித்த மாதிரி இருக்கும்.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அம்மா நாலு வருஷம் முன்னால் ஒரு மழைக்காலத்தில் டைபாய்டில் போய்விட்டாள். அன்றிலிருந்து விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் வருகிற சத்தத்துக்கு நானே எழுந்து, நானே டிகாஷன் இறக்கி, அப்பாவுக்கு டம்ளரைக் கொடுத்து, எட்டு மணி வண்டியைப் பிடிப்பேன். அப்பாவுக்கு அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்.

கடைசி அத்தியாயம் தீபாவளி மலரில் வரவேண்டும். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

நான் எழுதிக் கொடுத்த முடிவு இது. ஊர் அழிந்துவிடுகிறது. டிராம்பே மலை மட்டும் மிச்சம் (செம்பூர்க்காரர் போட்ட படத்துக்கு நான் செய்த மரியாதை). பஸ்ஸை மலைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு அவள் தூங்கிப்போகிறாள். கடைசி வரி: ‘விடிந்தது. அவளை யாரும் எழுப்பவில்லை. அவளே எழுந்தாள்.’

ஆசிரியர் படித்துவிட்டுக் கையைப் பிசைந்தார். “தீபாவளி மலராச்சே. மங்களமா முடிக்க வேண்டாமோ? நாலு வீட்டுல இனிமே பத்திரிகையே வேண்டாம்னுட்டா என்ன பண்றது?”

“ராமாயணமா படிக்கறோம், பட்டாபிஷேகத்தோட மூடி வைக்க? முடிவு இதுதான். ஒரு எழுத்து மாறப்படாது.”

“சரி, பாக்கலாம்” என்றார். ‘பாக்கலாம்’ என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது, தமிழ்நாட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்ததில் எனக்கு மறந்துபோயிருந்தது.

ஞாயிறு காலையில் மலரை அவர் அறை வாசலில் வாங்கிக்கொண்டு நேரே தாராவிக்கு நடந்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. என் கதையை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? தாராவியில் மளிகைக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று எங்கள் வாசகர்கள். கடைக்கார அக்காவுக்குப் படிக்க வராது. மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் முறத்தோடு வந்து உட்காருவார்கள், அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார்கள், நான் உரக்கப் படிப்பேன்.

அன்றைக்கும் படித்தேன். பஸ் மலையேறுகிற இடத்தில் முறம் எல்லாம் நின்றுபோயிற்று. நான் ஜோராகப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே என் வரிகள் இல்லை. முத்து முத்தான கையெழுத்தில் வேறு ஏதோ இருந்தது. வாய் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போயிற்று.

‘அப்போது யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். திடுக்கிட்டுக் கண் விழித்தாள். எல்லாம் கனவு! “எழுந்திரு, காப்பி ஆறிப்போகிறது” என்று சிரித்தாள் அம்மா. தெருவில் பட்டாசுச் சத்தம் கேட்டது. சுபம்.’

அட கண்றாவியே! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஏ பிள்ள, அவ அம்மைதான் மொதல்லயே செத்துட்டால்லா? பொறவு காப்பி கொண்டாந்தது யாரு?”

“பேயா வந்திருப்பா” என்றாள் ஒருத்தி.

“பேயி காப்பி போடுமாக்கும்! நம்ம காதுல பூச்சுத்துதான்” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“அந்தப் புள்ள அம்மைக்கு அழுத அழுகையக் கேட்டு நா ரெண்டு நாளா சோறு திங்கல. இப்பம் கனவுங்கான். எழுதுனவனுக்கு அம்மை உண்டுமா, கெடையாதா?”

எனக்கு அங்கே அடக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன். அம்மா போன மறுநாள் காலை கண் விழித்ததும், எல்லாம் கனவாக இருக்கக் கூடாதா என்று பாயில் கிடந்தபடியே காத்திருந்தேன். யாரும் வந்து தட்டவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது, எழுந்து போய்ப் பிடித்தேன். அதைத்தான் அந்தக் கடைசி வரியில் வைத்திருந்தேன். அதைப் போய் இந்த மனுஷன் பட்டாசுச் சத்தத்தில் மூடிவிட்டார்.

“அக்கா, எழுதினது நான்தான். இந்த முடிவு என்னுது இல்லை” என்றேன்.

“நீயா?” என்று முறங்கள் எல்லாம் மறுபடி நின்றன. “அப்பம் ஒன் முடிவு என்ன? சொல்லு.”

சொன்னேன். கடைசி வரி வரைக்கும் மனப்பாடமாகச் சொன்னேன். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஆங், இதுல்லா கத” என்றாள். பிறகு மலரைப் புரட்டி, கடைசி வெற்றுத் தாள்களைத் தட்டினாள். “இது என்ன, சும்மாதான கெடக்கு? இங்கன எழுது.”

கல்லாப்பெட்டி மேலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தாள். வாசகர் கருத்துப் பகுதியின் முதல் தாளில், சிவப்பு விதிக்கு நேர் கீழே எழுத ஆரம்பித்தேன். ‘இக்கதையைப் பற்றி இவ்வாசகியின் கருத்து: இதன் முடிவு வருமாறு.’ பிறகு முழு முடிவையும் எழுதினேன். அடியில் மீசைப் பெயரைப் போடவில்லை. என் பெயரை, அப்பாவின் இன்ஷியலோடு போட்டேன். கொட்டை எழுத்தில்தான் போட்டேன்.

அன்று சாயங்காலமே மெஸ் வாசலில் ஆசிரியரை மடக்கி, தாளைத் திறந்து காட்டினேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“இதை எடுத்துடலாம். நாலு பேர் பாத்தா...”

“எழுதியதை யாரும் அடிக்கவோ கிழிக்கவோ கூடாது. யார் எழுதினது சார் இது? சிவப்பு மையில?”

“நல்லதுக்குத்தானே பண்ணினேன்...”

“செத்துப் போனவளை எழுப்பிக் காப்பி போட வெச்சேளே, அதுவா நல்லது? முதல் அத்தியாயத்தைப் படியெடுத்தது நீங்கதானே? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாக் கூட ஒத்துக்கலாம். நீங்க சமுத்திரத்தையே மறைக்கப் பாக்கறேள்.”

முதல் அத்தியாயத்தில் அம்மா இறந்தது அவருக்கு உண்மையிலேயே மறந்துதான் போயிருந்தது என்று அவர் விழித்த விழியிலிருந்தே தெரிந்தது. மலரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நானும் வீடு வீடாகக் கொண்டு போனேன். ஒவ்வொரு வாசலிலும், “மாமி, கதையைக் கடைசித் தாள் வரைக்கும் படிக்கணும்” என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன். திட்டுகிறவர்கள் இனிமேல் ஆளைத் தெரிந்துகொண்டே திட்டட்டும்.

திட்டினார்கள். ‘பெண்பிள்ளைக்கு இவ்வளவு ஆங்காரம் ஆகாது’ என்று ஒருவர். ‘எங்கள் மலை பிழைத்தது. நன்றி’ என்று செம்பூர்க்காரர். கல்யாண வீட்டு மாமி எழுத்துக் கூட்டி ஒரே வரி எழுதியிருந்தாள்: ‘திருடனைக் காப்பாற்றியிருக்கலாம்.’

சுற்றெல்லாம் முடிந்து மலர் எங்கள் வீட்டுக்குத்தான் கடைசியாக வரும். அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தபோது நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். நாலு தடவை களைந்திருப்பேன், தண்ணீர் ஏற்கெனவே தெளிந்துவிட்டது. ஊரெல்லாம் என்ன சொன்னால் எனக்கென்ன? அந்த அம்மா அவருக்குப் பெண்டாட்டி. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கூடத்தில் தாள் திரும்புகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. சாப்பிடும்போது மோர் போதும் என்று மட்டும் சொன்னார். மலரை எடுத்துப் பார்த்தேன். கருத்துப் பக்கத்தில் அவர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் யாரோ என் தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால், விடிந்துவிட்டிருந்தது. குழாய்த் தண்ணீர் வந்த சத்தம் என் காதில் விழவேயில்லை. வாளி நிறைந்திருந்தது. அப்பா வேட்டி நுனியால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எழுந்திரும்மா. காப்பி ஆறிப் போறது.”

பால் அடிப்பிடித்த வாசனை அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தது. வாங்கி ஒரு வாய் குடித்தேன். டிகாஷன் இறங்கவேயில்லை, சர்க்கரையை இரண்டு தடவை போட்டிருக்கிறார். கனவில் அவ்வளவு மோசமான காப்பியை யாரும் போட்டிருக்க முடியாது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.