மூடியில்லாத கோலா

மரியசெல்வி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். கல்யாண வீடோ சாவு வீடோ, அவள் கண் பூச்சாடிக்கும் சமையலறை ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருக்கும் தட்டுக்கும் போய்வந்த பிறகே மனிதர்கள் பக்கம் திரும்பும். சுகாதார இலாகாவின் கொசு ஒழிப்புப் பிரிவில் அவளுக்குப் பத்தொன்பது வருடம். தோளில் பை. பைக்குள் டார்ச் விளக்கு, மருந்துத் தூள், புழுவைப் பிடித்துக் காட்ட ஒரு கண்ணாடிக் குப்பி. ஜெந்திக் என்கிற கொசுப்புழு கிடைத்தால் வீட்டுக்காரருக்கு அபராதச் சமன் எழுத வேண்டும். அதனால் டுரியான் துங்கால் பக்கம் அவளைக் கண்டதும் கேட்டைச் சாத்துகிறவர்கள் உண்டு. நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. வேலை நேரத்தில் அவளை ஒரே ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்திருக்கிறார், புகார் கொடுப்பதற்காக.

அமுதாவை எல்லாரும் படம் எடுத்தார்கள்.

இருவரும் நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். ஒரே வருடம் தேவாலயத்தில் புதுநன்மை வாங்கியவர்கள். அமுதா படித்தாள், தெங்கேராவில் கடைக்கு மேல் மாடி பிடித்து டியூஷன் வைத்தாள். தேவாலயத் தொண்டர் குழு கம்போடியாவுக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கட்டப் போகிறது, பிள்ளைகளுக்குக் கைகழுவச் சொல்லித்தரப் போகிறது என்று அறிவித்த ஞாயிறு, முதலில் எழுந்து பெயர் கொடுத்தவள் மரியசெல்விதான். குழுத் தலைவர் செபாஸ்டியன் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"செல்வி, அங்க இங்கிலீஸ்ல பேசணும். ஒனக்கு வருமா?"

"கம்போடியாக்காரவங்க இங்கிலீஸா பேசறாங்க அண்ணே?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அமுதா போனாள்.

அப்புறம் தினமும் படம் வந்தது. தேவாலயத்து வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கெல்லாம் அமுதா வந்துவிடுவாள். தொப்பி போட்ட அமுதா. சிமெண்டு குழைக்கும் அமுதா. பிள்ளைகள் நடுவே கைகழுவும் பாட்டுப் பாடும் அமுதா. மரியசெல்வி ஒவ்வொன்றையும் விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள்.

"இன்னும் எவ்ளோதான் பெருசாக்குவ? அவ மூக்குக்குள்ளயே போயிடுவ போல," என்றான் நாகமுத்து. செம்பனை லோரி ஓட்டுகிறவன், அவள் புருஷன்.

"பத்தொம்போது வருசமா நான் சொன்னா நாய அவுத்து விடறானுங்க. இவ பத்து நாளு போனா பாட்டுப் பாடறானுங்க."

"நீ பாடலியே லா."

கடைசி நாள் படம் ஒரு வியாழக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் பக்கத்தில் இடுப்புயரச் சிமெண்டுத் தொட்டி. நீலச் சாயம். விளிம்புவரை தண்ணீர். அமுதா காயோங் குவளையால் மொண்டு ஒரு சிறுமியின் கையில் ஊற்றுகிறாள். கீழே எழுதியிருந்தாள்: 'எங்கள் தோட்டத்துக் கோலா, கம்போடியாவில்!' அதற்கு எண்பத்து நான்கு இதயம்.

மரியசெல்வி படத்தை விரித்தாள். தொட்டிக்கு மூடி இல்லை. அடியில் துவாரம் இல்லை.

தோட்டத்தில் ஒவ்வொரு குளியலறையிலும் அப்படி ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது, கோலா என்பார்கள். அடித் துவாரத்தைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்திருப்பார்கள். சனிக்கிழமை கட்டையைப் பிடுங்கித் தண்ணீரை வெளியேற்றி, தேங்காய் நாரால் உள்ளே இறங்கித் தேய்ப்பார்கள். மரியசெல்வி வீட்டில் அது அவள் வேலை. அமுதா வீட்டில் அக்காள் தேய்ப்பாள். அமுதா வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். கம்போடியாவில் நிற்பது அந்தக் கோலாவில் குளிக்க மட்டும் செய்தவள் கட்டியது.

அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சந்தோஷம்.

குழுவில் ஒரு வரி தட்டினாள். அழித்தாள். இப்போது சொன்னால் அமுதா ஒரு போன் போட்டுச் சரிசெய்துவிடுவாள். அது இன்னொரு படமாக வரும், இன்னும் எண்பத்து நான்கு இதயத்தோடு. இந்த ஞாயிறு அல்ல, அடுத்த ஞாயிறு தேவாலய மண்டபத்தில் படங்களைத் திரையில் காட்டப் போகிறார்கள். மார்ச் மாதம் மறுபடி போகிற இருவர் பெயரை அன்றைக்குத்தான் செபாஸ்டியன் வாசிப்பார். எல்லார் முன்னாலும் கேட்டால் யாருக்குத் தொழில் தெரியும் என்று தெரிந்துவிடும். பத்து நாள்தான்.

வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் பழைய டயரைக் கவிழ்த்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "முட்டையிலேர்ந்து கொசுவாக ஏழே நாளு மா. ஏழே நாளு." சொன்ன வாய் அப்படியே நின்றது. அந்த வீட்டுப் பெண், "என்னாக்கா, இன்னொரு டயரும் இருக்கா?" என்று கேட்டாள்.

நான்காம் நாள் மறுபடி படத்தை விரித்தாள். இந்தத் தடவை அமுதாவை அல்ல. அந்தச் சிறுமிக்குக் குட்டைப் பாவாடை. முழங்காலுக்குக் கீழே வெறுங்கால். ஏழாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். நாகமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"போன் பண்ணிச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"ஞாயித்துக்கெழம சொல்றேன்."

"கொசுவுக்கு ஞாயித்துக்கெழம தெரியுமா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அன்றைக்கும் சொல்லவில்லை.

ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. அமுதா கட்டம் போட்ட கம்போடியத் துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். நீலத் தொட்டி திரையில் வந்ததும் கைதட்டினார்கள். மரியசெல்வி எழுந்து திரைவரை நடந்தாள். பையிலிருந்து டார்ச் விளக்கை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் அடித்தாள்.

"இந்தக் கோலாவுக்கு மூடி எங்க? அடியில ஓட்ட எங்க? எப்புடிக் கழுவுவாங்க? கட்டிப் பத்து நாளாச்சு. இந்நேரம் அந்தப் பள்ளிக்கூடமே கொசுவா இருக்கும்."

அமுதாவின் முகம் வெளுத்தது. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்று.

செபாஸ்டியன் கண்ணாடியை இறக்கினார். "சரியான கேள்வி. நீ எப்ப கவனிச்சே செல்வி?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "படம் வந்த அன்னிக்கே."

"வியாழக்கெழமயா? போன வாரமா?"

"ஆமா."

"அப்பவே சொல்லலாமே லா?"

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். டார்ச் வெளிச்சம் இன்னும் விளிம்பில்தான் இருந்தது. அவளுக்கு அணைக்கத் தோன்றவில்லை. அமுதா அதற்குள் மூலைக்குப் போய்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்தில் அவள் கைப்பேசிக்கு ஒரு காணொலி வந்தது. அதைத் திரையில் போட்டார்கள்.

நீலத் தொட்டி. மேலே மூங்கிலில் முடைந்த மூடி. கைலியைத் தூக்கிச் செருகிய ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மூடியைத் தூக்கிக் காட்டினாள். தண்ணீரில் சின்னச் சின்ன மீன்கள் விரைந்தன. அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"நாங்க கெளம்பின மறுநாளே மீன் வுட்டுட்டாங்களாம். புழு வந்தா அது தின்னுடுமாம்," என்று ஆசிரியர் எழுதியதை அமுதா வாசித்தாள். "அவங்க அங்க சமையல்காரம்மா. 'மீன் தொட்டி கட்டிக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி'ங்கறாங்க."

மண்டபம் சிரித்தது. அமுதாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

செபாஸ்டியன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். அமுதாவின் பெயரை வாசித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் நின்றார். பக்கத்தில் டார்ச்சோடு நின்றவளை ஒரு தடவை பார்த்தார். "இன்னொருத்தர அப்பறம் பாத்துக்கலாம்," என்று தாளை மடித்தார். தன் பெயர் மடிபடுவதை மரியசெல்வி பார்த்தாள்.

வெளியே கார்களுக்கு நடுவே அமுதா வந்து சேர்ந்தாள்.

"ஏண்டி, எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல?"

"அடிச்சிருக்கலாம்."

வேறு ஏதாவது வரும் என்று அமுதா நின்றாள்.

"அந்தக் காணொலிய எனக்கு அனுப்பு," என்றாள் மரியசெல்வி.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து அதைப் போட்டாள். அந்தப் பெண் சோற்றுப்பானை மூடியைத் தூக்குவதுபோலத் தொட்டி மூடியைத் தூக்கினாள். தோளில் பை இல்லை. சீருடை இல்லை. டார்ச் இல்லை. யாரும் அவளுக்குப் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். மரியசெல்வி காணொலியை நிறுத்தி, விரலால் விரித்தாள். மீன். கை. சிரிப்பு.

நாகமுத்து வாசலில் வந்து நின்றான். "இப்ப யாரு மேல பொறாம?"

அவள் இன்னும் பெரிதாக்கினாள்.