தயவுசெய்து என்னை மேற்கோள் காட்டாதீர்கள்

போன ஞாயிறு குமரிக் கடற்கரையில் இருக்கும் கடியப்பட்டணம் போயிருந்தேன். கல்லூரித் தோழி ஜெசிந்தா லீவில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். பெங்களூரில் மரபணு ஆராய்ச்சியாளர். கடலுக்குப் போகிற குடும்பத்தின் முதல் டாக்டரேட்.

சாளை மீன் அவியலும் சோறும் முடிந்த கையோடு லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். அண்ணன் ஸ்டீபன் எட்டிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையும் என்னட்டி எழுதுகா?"

"என் கட்டுரையை எடுத்துக் காட்டாதீங்கன்னு மெயில் போடுகேன் அண்ணே."

"ஏட்டி, ஊருல எல்லாவனும் தன் பேரு வெளிய வரணும்னு கெடந்து துடிக்கான். நீ என்னன்னா பேரைப் போடாதிங்கன்னு கெஞ்சுகா!"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. விஞ்ஞானிகள் உலகத்தில் கட்டுரை எழுதினால் மட்டும் போதாது. மற்றவர்கள் அதைத் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்ட வேண்டும். அதுதான் சைட்டேஷன். பதவி, மரியாதை, வெளிநாட்டு அழைப்பு... எல்லாம் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான்.

ஜெசிந்தாவுக்கு அந்தப் பெருமையெல்லாம் ஒரே கட்டுரையால் வந்தது. குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் குழந்தைக்குக் காது கேட்காது என்று அதில் எழுதியிருந்தாள். உலகமெங்கும் எடுத்துக் காட்டினார்கள்.

பிறகு அவளுடைய லேப்புக்கு ஒரு புது மெஷின் வந்தது. சோதித்துப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும். யாரைத் தேடுவது? தன் கையையே நீட்டினாள்.

ரிசல்ட் வந்தது. அதே மாற்றம் — அவளுக்குள்! தாய் வழி, தகப்பன் வழி, இரண்டு பக்கமும்!

"என் கட்டுரைப்படி நான் பிறவியிலேயே காது கேக்காதவ, மக்கா. பக்கத்து ரூம்ல ஸ்பூன் விழுந்தாக்கூட எனக்குக் கேக்கும். முதல்ல சிரிச்சிட்டேன். பெறவு பாத்ரூம்ல போய் இருந்து அழுதேன்."

மறுபடி சோதித்தாள். நன்றாகக் காது கேட்கிற இன்னும் பலரிடமும் அந்த மாற்றம் அதே மாதிரி இரண்டு பக்கமும் இருந்தது. குற்றவாளி என்று அவள் பிடித்துக் கொடுத்தது ஒரு நிரபராதியை.

புரொஃபசர் பதவிக்கான நேர்காணல் அப்போது நெருங்கிக் கொண்டிருந்தது. உடன் வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள் — 'அது முடியட்டுமே, அப்புறம் சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது?' நீங்களும் நானும் அதைத்தான் சொல்லியிருப்போம், இல்லையா?

ஜெசிந்தா அந்த வாரமே பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பதவி வேறொருவருக்குப் போனது.

"வருத்தம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமா? நல்லா வருத்தம் உண்டு. ஆனா அந்தக் கட்டுரையை நம்பி ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுக்காவ. எவளோ ஒரு பிள்ளைத்தாய்ச்சி அந்த ரிப்போர்ட்டைக் கையில வச்சு அழுதிட்டிருந்தா? நான் நேர்காணல் முடியட்டும்னு இருக்க முடியுமா?"

சோகம் அங்கே முடியவில்லை. திரும்பப் பெற்ற பிறகும் கட்டுரையை மேற்கோள் காட்டுவது நிற்கவில்லை! பழைய பிரதியைப் பார்த்து எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களைத் தேடித்தேடி இவள் மெயில் அனுப்புகிறாள். சிலர் நன்றி சொல்கிறார்கள். பலர் பதிலே போடுவதில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கேரளத்திலிருந்து, அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்த ஒரு பெண் டாக்டர். ஜெசிந்தா முதலில் எழுந்து நின்றாள். பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாருட்டி? என்ன ஆச்சு?" அண்ணன் பதறிவிட்டார்.

போனை வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அங்க ஒரு கர்ப்பிணியோட வயித்துப் பிள்ளைக்கு டெஸ்ட்ல இந்த மாற்றம் ரெண்டு பக்கமும் வந்திருக்கு அண்ணே. பிள்ளைக்குக் காது கேக்காதுன்னு சொல்ல, நாளைக்கு வரச்சொல்லி இருந்தாங்களாம். என் மெயிலைப் பாத்துட்டு, இப்பவே அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களாம்..."

ஸ்டீபன் உள்ளே போய் ஒரு டம்ளரில் பால் விடாத கட்டன்சாயா போட்டு எடுத்துவந்து தங்கையின் கையில் கொடுத்தார். "குடிச்சிட்டு அடுத்தவனுக்கு எழுது" என்றார்.

தப்பே செய்யாத மேதைகள் யாரையும் எனக்குத் தெரியாது. தன் தப்பை ஊர் ஊராகத் துரத்திப் போகிற ஒருத்தியைத் தெரியும் — அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு!