ஐந்து சடையன்களும் ஒரு மேலதும்

எனக்குக் கோபம் வரும். வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினெட்டு வருஷமாக டைப்பிங் கடை நடத்துகிற எவளுக்கும் வரும். காலையில் கசங்கிய நோட்டை நீட்டி, "அக்கா, சாயங்காலம் வைவா" என்று இளிக்கிற பிள்ளைகளிடம் நான் என்ன தேனாகவா பேசுவேன்? "கௌசரக்கா கடைக்குப் போனா திட்டு விழும், ஆனா புராஜெக்ட் பாஸாயிடும்" என்று கல்லூரியில் சொல்லிக்கொள்வார்களாம். இரண்டுமே உண்மைதான். நான் டைப் செய்து திரும்பி வந்தது ஒன்றே ஒன்று, அது செந்தாமரையுடையது.

செந்தாமரைக்கு முப்பத்தாறு வயது. காவலூருக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் வருகிற கல்லாத்துக்கொல்லை அவள் ஊர். பத்தாவது முடித்ததும் கல்யாணம். வீட்டுக்காரர் சின்னராஜ் வருஷத்தில் பாதி நாள் குடகில் மிளகு பறிக்கப் போய்விடுவார். இவள் அங்கன்வாடியில் உதவியாளர். பிள்ளைகளைத் தூக்கிவந்து, எடை பார்த்து, சோறாக்கிப் போடுவாள். பெரிய மகள் ஏழாவது படிக்கும்போது இவள் தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுதினாள். அப்புறம் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காக மலையிறங்கி வந்து, வகுப்பு முடிந்ததும் என் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

எல்லாத் தாளும் பாஸ். பாக்கி இருந்தது ஒரு புராஜெக்ட். யாராவது ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை நாற்பது பக்கத்துக்கு எழுதவேண்டும். ஆறு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும், எழுதிய பரீட்சை எல்லாம் வீண். போன மார்ச் மாதம் முதல் வாரத்துத் திங்கட்கிழமைதான் அவளுக்குக் கடைசி நாள்.

அவள் எழுதியது சின்னக்குழந்தை என்கிற பெண்ணைப் பற்றி. ஜீப் போகிற ரோடு வருவதற்கு முன் பத்தொன்பது வருஷம், காவலூரிலிருந்து கல்லாத்துக்கொல்லைக்கு இரண்டு கழுதைகளில் ரேஷன் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போனவர். செத்து நாலு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. அதனால் ஊரில் ஐந்து பேரிடமாவது கேட்டு எழுதவேண்டும், யார் எதைச் சொன்னார் என்று ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்புப் போடவேண்டும் என்று வழிகாட்டிப் பேராசிரியர் தனசேகரன் விதித்திருந்தார். விதிமுறைத் தாளில் இன்னொன்றும் இருந்தது: தகவல் சொல்பவருக்கு ஆதார் அட்டையில் உள்ள பெயரையே எழுதவேண்டும், பட்டப்பெயர் கூடாது.

நோட்டைக் கொடுத்துவிட்டு அவள் போனபின் நான் உட்கார்ந்து அடித்தேன். பன்னிரண்டு புள்ளி எழுத்து, ஒன்றரை இடைவெளி, பைண்டிங்குக்காக இடப்பக்கம் கூடுதல் மார்ஜின், எல்லாம் கச்சிதம். ஆனால் அடிக்குறிப்புகளைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் மண்டியது. ச. சடையன், நேர்காணல். ச. சடையன், நேர்காணல். பக்கத்துக்குப் பக்கம் அதே ஆள், தேதிதான் வேறே. ஒரே ஆதாரம் அடுத்தடுத்து வந்தால் பேரைத் திரும்பத் திரும்ப எழுதக்கூடாது, 'மேலது' என்று போடவேண்டும். இது பி.எச்டி. பிள்ளைகளுக்கே நான் சொல்லிக்கொடுத்தது. முதல் சடையனை விட்டுவிட்டுப் பாக்கி எல்லாவற்றையும் மேலது ஆக்கினேன். கடைசியில் தகவலாளர் பட்டியலிலும் அந்தப் பேர் ஐந்து தரம் இருந்தது. நாலை அழித்துவிட்டு, 'இந்தப் பொண்ணுக்கு ஒரு லிஸ்டு கூட ஒழுங்கா எழுத வரல' என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்பைரல் போட்டு வைத்தேன். மறுநாள் அவள் பஸ்ஸுக்கு அவசரப்பட்டு, பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில், சனிக்கிழமை மத்தியானம், அதே ஸ்பைரலோடு வந்து நின்றாள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'ஒரே நபரிடம் மட்டும் கேட்டு எழுதப்பட்டுள்ளது. ஏற்க இயலாது.'

"அஞ்சு பேர்கிட்ட கேட்டுதானேக்கா எழுதனேன்" என்றாள்.

"இன்னாம்மா அஞ்சு பேரு? நோட்டு பூரா சடையன் சடையன்னுதானே எழுதிகீறே?"

"அஞ்சு பேருமே சடையன்தானேக்கா! எங்கூர்ல தலைச்சன் ஆம்பளப் புள்ளைக்குக் குலசாமி பேருதான் வெப்போம். அப்பனும் தலைச்சனா இருந்தா அவுரும் சடையன்தான். அதான் இனிஷியலும் ஒண்ணா கீது."

யா அல்லா! நான் அழித்தது நாலு ஆட்களை.

"என் தப்புதான்கா, தெளிவா எழுதி இருக்கணும். எனக்கு இதெல்லாம் வராதுன்னு நெனைக்கிறேன்" என்று அவளே சொன்னாள். கண் கலங்கிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் அப்படியே நம்பியிருப்பாள். ஒரு நிமிஷம் மூடிக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்லமாட்டேன். பதினெட்டு வருஷத்துப் பேர் ஆயிற்றே. ஆனால் ஆறு வருஷம் மலையிறங்கி வந்த மனுஷி என் முன்னால் நின்று தன்னையே திட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்? டிராயரைத் திறந்து அவள் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன்.

"பாரு, நீ அஞ்சு வரியா சரியாத்தான் எழுதிகீறே. நான்தான் ஒரே ஆளுன்னு நெனச்சு நாலு பேர அழிச்சிட்டேன். தப்பு என்னுது."

அவள் நோட்டையும் ஸ்பைரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேக்கா! அங்கன்வாடிலயும் இதேதான். புதுசா வந்த டீச்சரு ரெண்டு சடையன் புள்ளைங்கள ஒரே புள்ளைன்னு நெனச்சு ஒருத்தன் பேர அடிச்சிட்டாங்க. ரெண்டு மாசம் அவனுக்கு சத்துமாவு வரல. கீழ கீறவங்களுக்கு நாங்கல்லாம் ஒரே ஆளாத்தான் தெரியறோம் போல!"

என்னிடம் திட்டு வாங்கியவர்கள் நூறு பேர் இருப்பார்கள், நான் வாங்கியது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. வாங்கவேண்டிய திட்டுதான்.

கடைக்கு வந்த மற்ற பிள்ளைகளை எல்லாம் விரட்டிவிட்டு, அவளை என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பட்டப்பெயர் கூடாது என்பதால் வயதையும் தொழிலையும் வீடு இருக்கிற இடத்தையும் அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். சடையன், 61, சாமை விவசாயி, கொல்லைமேடு. சடையன், 44, ஜீப் ஓட்டுநர், பள்ளிக்கூடத் தெரு. சடையன், 52, புளி வியாபாரி. சடையன், 70, ரேஷன் கடையில் மூட்டை இறக்கியவர். சடையன், 48, சின்னக்குழந்தையின் மகன். நாற்பது பக்கத்தில் எண்பத்தேழு அடிக்குறிப்பு. ஒவ்வொரு மேலதையும் எந்தச் சடையனுடையது என்று கேட்டுக் கேட்டு மாற்றினோம். பக்கத்துக் கடை டீ இரண்டு தரம் வந்தது, இரண்டு தரமும் ஆறிப்போனது.

மறுநாள் ஞாயிறு. புது ஸ்பைரலோடு இரண்டு பேருமாகப் படிப்பு மையத்துக்குப் போனோம். தனசேகரன் சார் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் ஒரு சடையன். இன்னிக்கு அஞ்சு சடையனா? கதை விடுறீங்களா?"

"சார், தப்பு பண்ணது நானு" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டையே நான்தான் அடித்துக் கொடுத்திருக்கிறேன், அதனால் பொறுமையாகக் கேட்டார். ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை.

"சரிங்க, நீங்க அழிச்சத நம்பறேன். ஆனா அஞ்சும் அஞ்சு ஆளுன்னு நான் எப்படிம்மா நம்பறது?"

செந்தாமரை போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாருப்பா பேசறது?" என்று சார் கேட்டார்.

"சடையன் சார். ஜீப்பு ஓட்றேன்."

அடுத்து ஒரு பெரியவர், இருமிக்கொண்டே, "சடையன்தான் பேசறேன்" என்றார். மூன்றாவதாக ஒரு பெண் எடுத்தாள். "எந்த சடையன் வோணும் உங்களுக்கு? எங்கூட்டுக்காரருன்னா அவுரு புளி உலுக்கப் போய்கீறாரு. சாமை போடற சடையன்னா பக்கத்து வூடு, கூப்டட்டுமா?" என்றாள். சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போதும்மா, போதும்" என்றார்.

"இன்னும் ஒருத்தர் கீறாரு சார். அவுரையும் கேட்டுடுங்க" என்று செந்தாமரை விடாமல் அடுத்த எண்ணை அழுத்தினாள். அது சின்னக்குழந்தையின் மகன். டவர் விட்டுவிட்டுக் கேட்டது.

"சார், வணக்கம் சார். எங்கம்மாவப் பத்தி எழுதனது சரியில்லன்னு திருப்பிட்டாங்கன்னு செந்தாமர சொல்லிச்சு. எங்கம்மா கைநாட்டு சார். ரேஷன் கார்டத் தவிர அவங்க பேரு எதுலயும் கெடையாது. இதுலயாவது அச்சுல வந்துகீதா சார்?"

சார் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஸ்பைரலை மூடி, அட்டையைத் தன் பக்கம் திருப்பினார்.

"வந்திருக்குப்பா. அட்டையிலயே, பெரிய எழுத்துல."

"கொஞ்சம் படிச்சிக் காட்றீங்களா சார்?"

செந்தாமரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் படிப்பதைப் போல நிதானமாகப் படித்தார்.

"சின்னக்குழந்தை. வாழ்க்கை வரலாறு. ஆய்வாளர், ஆ. செந்தாமரை."

அந்தப் பக்கம் பதில் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போன் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சார் போனை வைக்கச் சொல்லவில்லை. பேனாவைத் திறந்து, அந்த இரண்டு பேர்களுக்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.