கிளி கடிக்காத இடம்

உரும்பிராய்க் கந்தப்புவை இதை எழுதுபவன் முதலில் கண்டது, சைக்கிள் சங்கிலி அறுந்துபோன ஒரு பங்குனி வெயிலில். அவன் கொழும்பிலிருந்து பட்டத்தோடு வந்த புதிது. பரம்பரையில் கையெழுத்து வைக்கத் தெரிந்தவர்களே இரண்டு பேர் என்பதால், அந்தப் பட்டம் அவனுக்கு முன்னாலே நடந்துபோய் எல்லா ஊரிலும் சேதி சொல்லியிருந்தது. தண்ணீர் கேட்டுப் படலையைத் திறந்தான். கந்தப்பு செம்பை நீட்டினார். அறை யன்னலில் ஒரு கிளி தொற்றிக்கொண்டிருந்தது. அவன் விரலை நீட்ட, கிளி நறுக்கென்று கவ்வியது.

"இழுக்காதையும் தம்பி. இழுத்தால் தான் வெண்டிட்டன் எண்டு நினைக்கும்," என்றார் கந்தப்பு. கிளி விட்டதும், இரத்தம் கசிந்த விரலைப் பார்த்து, "நீர்தானே அந்த பி.ஏ. படிச்ச பிள்ளை? முதலே சொல்லியிருந்தால் கொஞ்சம் பாத்துக் கடிச்சிருக்கும்," என்றார்.

பிறகு வெயிலை அண்ணாந்து பார்த்தார். முகம் மாறியது.

"உச்சியாகுது. அந்த யன்னலடியிலை நிக்காதையும். இஞ்சாலை வாரும்."

ஏன் என்று அவன் கேட்டதற்கு, அன்று பின்னேரம் வரை அவர் சொன்ன கதை இது.

மூன்று வருஷத்துக்கு முன், மாசி மாதம், தோட்டத்து வேலியில் தலையற்று நின்ற பனையொன்றைக் கந்தப்பு தறித்தார். விழுந்த மரத்தின் பொந்துக்குள் இறகு முளைத்தும் முளையாமலும் ஒரு குஞ்சு கிடந்தது. ஒரே மகள் கமலாவதிக்கு அப்போது பதின்மூன்று வயது. கேட்டாள், கொடுத்தார். இரண்டு மாதத்தில் அது வீட்டில் ஒருவர் விரலையும் விட்டுவைக்கவில்லை. மனைவி பூரணத்தின் பெருவிரல், சோறு குழைக்க முடியாதபடி வீங்கிப்போயிற்று.

"வாற வெள்ளிக்குள்ளை உது கடியை விடவேணும். இல்லாட்டி பனங்கூடலுக்கை கொண்டுபோய் விட்டிடுவன்," என்றார் கந்தப்பு.

"அது கடிக்க நீங்கள் துள்ளிக் கத்துறியள் அப்பா. அந்தக் கூத்துப் பாக்கத்தான் திரும்பத் திரும்பக் கடிக்குது," என்றாள் மகள். "நான் பழக்கிறன்."

அவள் பழக்கியது உச்சிப் பொழுதில். தோட்டத்தில் இறைப்பு முடிந்து தகப்பன் கால் கழுவும் நேரம், தாய் அடுப்படியில் நிற்கும் நேரம். கூட்டைத் திறந்துவிடுவாள். கிளி சொண்டால் கொளுவிக் கொளுவி யன்னற் கம்பியில் ஏறும். அதன் முன்னே விரலை நீட்டுவாள். கடித்தால் கையை இழுப்பதுமில்லை, கத்துவதுமில்லை. கண் கலங்க மரம்போல நின்று "மெல்ல" என்று ஒரு சொல் சொல்லுவாள். சொண்டு இளகினால் கொவ்வைப்பழம் ஒன்று கிடைக்கும். இறுக்கினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி நின்றுவிடுவாள். வெள்ளிக்கிழமைகள் போயின, கந்தப்பு தவணையை மறந்ததுபோல இருந்தார். வைகாசி பிறக்க, கிளி அவள் விரலைப் பழம்போல வாயில் வைத்திருக்கும், பல் முளையாத குழந்தை கவ்வுகிற மாதிரி. மற்றவர்களையும் கடிப்பதை விட்டுவிட்டது.

ஆனியில் கமலாவதிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. பதினொராம் நாள் செத்துப்போனாள்.

எட்டாம் நாள், செத்தவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து அவள் படுத்த அறையில் படைத்தார்கள். தலைவாழையிலையின் ஓரத்தில் பூரணம் கொவ்வைப்பழம் ஐந்து வைத்தாள். படையல் அறையில் உயிருள்ளது எதுவும் இருக்கக்கூடாது என்பது அவர்கள் வழமை. பூனையைக்கூடத் தேடித் துரத்தினார்கள். ஆனால் அழுகைச் சத்தத்துக்கு மிரளுமென்று துணி போட்டு மூடிய கிளிக்கூட்டை எல்லோரும் மறந்தார்கள். கதவைச் சாத்தி வெளியே இருந்தார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

திறந்தபோது இலையில் நாலு பழந்தான் இருந்தது. கந்தப்பு துணியை விலக்கினார். கூட்டின் அடியில் சிவப்புத் தோல். கூட்டுக் கதவில் அவர் கையாலே போட்ட தும்புக்கயிற்று முடிச்சு அப்படியே இருந்தது.

"எலிதான்," என்றார் பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளை.

"எலி பழத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிளிக்குத் தீத்திவிட்டதோ?" என்று கேட்டாள் பூரணம்.

ஆழ்வாப்பிள்ளை சால்வையை உதறிக்கொண்டு எழும்பிப் போனார்.

மறுநாள் உச்சியில் பூரணம் கூட்டைத் திறந்தாள். கிளி யன்னற் கம்பியில் ஏறி, ஓரிடத்தில் நின்று, வெறும் வெளியை நோக்கிக் கழுத்தை நீட்டியது. சொண்டைத் திறந்தது, மெல்ல மூடியது. முழுதும் மூடவில்லை. நடுவில் ஒரு விரல் தடிப்புக்கு இடைவெளி நின்றது. அந்த இடைவெளியை நாக்கு தடவிப் பார்த்தது.

அதற்குப் பிறகு பூரணம் மத்தியானச் சாப்பாட்டை விட்டாள். யன்னலடியே கதியென்று கிடந்தாள். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்து, முற்றத்து வேம்பில் கட்டியிருந்த சாம்பல் முட்டியைக் கடலில் கரைக்க வேண்டும். அவள் மாட்டேனென்றாள்.

"வந்துபோற பிள்ளையை ஏன் கலைக்கிறியள்?"

"போகவேண்டியவளை மறிக்கக்கூடாது, பூரணம். நீரும் தேய்ஞ்சு போறீர்."

"தேய்ஞ்சால் அவளோடை போறன்."

மகள் போய்விட்டாள், இவளும் போனால்? கிளியை விட்டுவிட்டால் எல்லாம் தீரும் என்று கந்தப்பு நினைத்தார். ஆனால் கடிக்கத் தெரியாத கிளியைக் காகம் ஒரு நாள் வைத்திராது. ஆகவே மகள் பழக்கியதை அவர் அழிக்கத் தொடங்கினார். காலையில் மாட்டுக்கொட்டிலுக்குக் கூட்டைக் கொண்டுபோய், விரலைக் கொடுப்பார், வெடுக்கென்று இழுப்பார், கத்துவார், சிறகில் தட்டுவார். நாலு நாளாகக் கிளி அவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தது. ஐந்தாம் நாள் கடித்தது. அவர் கொட்டில் தூணில் சாய்ந்து நின்று அழுதார். பிறகு இன்னொரு விரலைக் கொடுத்தார்.

முப்பதாம் நாள் உச்சிக்குக் கூட்டோடு பனங்கூடலுக்குப் புறப்பட்டவரைப் பூரணம் மறித்தாள். கிளியைப் பிடுங்கி யன்னலில் விட்டாள். அது ஏறி வழக்கமான இடத்தில் நின்று கழுத்தை நீட்டியது. அவள் தன் விரலை அந்த வெளியில் வைத்தாள்.

"மெல்ல," என்றாள், மகளைப்போல.

கிளி எலும்பு தெரியக் கடித்தது. அவள் கையை இழுக்கவில்லை. இரத்தம் முழங்கைக்கு வடிந்தது. கிளி அவள் விரலை விட்டது. விட்ட அதே சொண்டை ஒரு சாண் தள்ளி நீட்டி, ஒன்றுமில்லாத இடத்தில் மெல்ல மூடியது. நடுவில் அதே இடைவெளி.

பூரணம் விரலைச் சீலைத் தலைப்பில் சுற்றினாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் கடைசியில். "நான் இடைஞ்சலாய் நிக்கிறன் போலை கிடக்கு. அவள் தள்ளி நிக்கிறாள்."

அடுத்த நாள் கீரிமலைக்கு அவளும் வந்தாள். முட்டியைக் கரைத்தார்கள். திரும்பி வந்து சோறு தின்றாள். கந்தப்பு கூட்டுக் கதவைக் கழற்றி எறிந்தார். கிளி பனங்கூடலுக்குப் பறந்தது. மறுநாள் உச்சிக்கு யன்னலில் வந்து நின்றது. பூரணம் கொவ்வைப்பழமொன்றை யன்னற் கட்டில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் அடுப்படிக்குப் போனாள்.

இதை எழுதுபவன் தருக்க சாஸ்திரமும் படித்தவன். பழக்கதோஷம் என்றான்.

"ஓம் தம்பி, நானும் உப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்," என்று கந்தப்பு யன்னற் சட்டத்தைக் காட்டினார். கத்தியால் கீறிய கோடுகள் நாலு, ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. "அடிக்கோடு அந்த முதல் நாள் கிளி ஏறி நிண்ட உயரம். பிறகு வருஷத்துக்கு ஒண்டாய், தைப்பொங்கலண்டைக்குக் கீறினது. அது ஏறிக்கொண்டு போகுது. மேல்கோட்டுக்குக் கிட்டப் போய் நிண்டு பாரும்."

அவன் போய் நின்றான். அந்தக் கோடு, பதினாறு வயதுப் பெண்ணொருத்தி விரல் நீட்டினால் வருகிற உயரத்தில் இருந்தது.

கந்தப்பு இப்போதும் அதே வளவில் புகையிலை செய்கிறார். பூரணம் சுகமாக இருக்கிறாள். கிளிக்கூட்டுக்குக் கதவில்லை.